உப்பில் இருக்கும் வாயு

உங்கள் சமையல் மேடையில் உப்பு டப்பா இருக்கும். குளியல் அறை மூலையில் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலம் இருக்கும். தெருக் குழாயில் காவேரித் தண்ணீர் வரும். சில நாள் அந்தத் தண்ணீரைப் பிடித்தவுடன் ஒரு மருந்து வாடை அடிக்கும்.

உப்பு, ப்ளீச்சிங் பவுடர், தண்ணீரில் அடிக்கும் வாடை. இந்த மூன்றுக்கும் ஒரு சொந்தம் உண்டு. மூன்றிலும் இருப்பது ஒரே பொருள். அதன் பெயர் குளோரின்.

குளோரின் ஒரு வாயு. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். மூக்கில் ஏறினால் நெஞ்சை அடைக்கும். அதிகமாக உள்ளே போனால் உயிர் போகும். ஆனால் உப்பை நாம் தினமும் சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இது எப்படி?

மர்பி டவுனில் இருந்து பல அக்காமார்கள் காலையில் இந்திரா நகருக்கும் அல்சூருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பாத்ரூம் கழுவுவதும் அந்த வேலையில் உண்டு. அவர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் பள்ளிக்கூடப் பாடம் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் சமையல் அறைக்குள் போவோம்.

கலப்பது வேறு, சேர்வது வேறு

சாம்பார் பொடி எப்படி அரைக்கிறோம்? மிளகாய், தனியா, பருப்பு, மிளகு, வெந்தயம் எல்லாம் வறுத்து அரைக்கிறோம். அரைத்த பிறகும் மிளகாய் மிளகாய்தான். அதன் காரம் போகாது. தனியாவின் மணமும் போகாது. ஒவ்வொன்றும் தன் குணத்தோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. இதற்குக் கலவை என்று பெயர்.

தண்ணீரில் உப்பைப் போடுகிறோம். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அழிந்துவிட்டதா? நாக்கில் வைத்தால் கரிக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவிட்டால் பாத்திரத்தின் அடியில் உப்பு படியும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் இதே வேலையைச் செய்கிறது. கடல் தண்ணீர் வற்றுகிறது. உப்பு நிற்கிறது. இதுவும் கலவைதான். போட்டதைத் திரும்ப எடுக்கலாம்.

இப்போது வேறு ஒன்றைப் பாருங்கள். கல்யாண வீட்டில் ஆலாத்தி சுற்றுகிறோம். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பொடி கரைக்கிறோம். அதில் துளி சுண்ணாம்பு சேர்க்கிறோம். என்ன ஆகிறது? தண்ணீர் சிவந்துவிடுகிறது. மஞ்சளில் சிவப்பு இல்லை. சுண்ணாம்பிலும் சிவப்பு இல்லை. அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது?

இரண்டும் சும்மா கலக்கவில்லை. ஒன்றை ஒன்று மாற்றிவிட்டன. புதிய குணம் உள்ள ஒரு பொருள் உண்டானது. இப்படி நடப்பதற்கு வேதி மாற்றம் என்று பெயர். இரும்பு துருப்பிடிப்பதும் வேதி மாற்றமே. விறகு எரிந்து சாம்பல் ஆவதும் அப்படித்தான். துருவைச் சுரண்டி எடுத்தால் அது இரும்பாக இருக்காது. சாம்பலைச் சேர்த்துப் பிடித்தாலும் விறகு வராது.

அந்த ஆலாத்தித் தண்ணீரைக் கீழே ஊற்றுவதற்கு முன்னால் ஒரு எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து பாருங்கள். சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வரும். எங்கள் வகுப்பில் செய்து காட்டினோம். பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகள் மாதிரி எழுந்து வந்து தட்டைச் சுற்றி நின்றார்கள்.

எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் எல்லாம் புளிப்பு. இவற்றில் இருப்பது அமிலம். அமிலத்தைத்தான் இங்கிலீஷில் ஆசிட் என்கிறோம். சுண்ணாம்பும், துணி சோப்பில் இருப்பதும் காரம். இது மிளகாயின் காரம் இல்லை. பெயர்தான் ஒன்று. சோப்புக்கு நம் பாட்டிமார் சவுக்காரம் என்பார்கள். அந்தச் சொல்லிலேயே காரம் இருக்கிறது. மஞ்சள் கறை பட்ட சேலையைச் சோப்புப் போட்டால் கறை சிவக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். அமிலமும் காரமும் சந்தித்தால் ஒன்றின் வேகத்தை ஒன்று அடக்கும்.

எழுத்தும் சொல்லும் போல

ப, ட, ம் என்று மூன்று எழுத்து படித்தோம். சேர்த்தால் படம். முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் மடம். எழுத்து கொஞ்சம்தான். சொற்களோ கணக்கில் அடங்காது.

உலகத்தில் உள்ள பொருள்களும் இப்படித்தான். இனிமேல் பிரிக்க முடியாத அடிப்படைப் பொருள்களுக்குத் தனிமம் என்று பெயர். தங்கம் ஒரு தனிமம். இரும்பு ஒரு தனிமம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் தனிமம். இதுவரை தெரிந்த தனிமங்கள் 118. இவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து உண்டாகும் பொருளுக்குச் சேர்மம் என்று பெயர். தனிமம் எழுத்து என்றால், சேர்மம் சொல்.

உப்பு ஒரு சேர்மம். அதில் இரண்டு தனிமங்கள். ஒன்று சோடியம், இன்னொன்று குளோரின். சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். தண்ணீரில் போட்டால் சீறி ஓடும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குளோரினோ விஷ வாயு. இந்த இரண்டு முரடர்களும் சேர்ந்தால் சாதுவான உப்பு! சோடியத்தின் குணம் உப்பில் இல்லை. குளோரினின் குணமும் இல்லை. உப்புக்கு உப்பின் குணம்தான்.

சாம்பார் பொடியின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். மாமியார் கைக்கும் மருமகள் கைக்கும் மாறும். சேர்மத்தில் அந்தப் பேச்சே கிடையாது. சுத்தமான உப்பு 100 கிராம் எடுத்தால், ஏறக்குறைய 39 கிராம் சோடியம், 61 கிராம் குளோரின். தூத்துக்குடி உப்பானாலும் குஜராத் உப்பானாலும் இதே கணக்கு.

சேர்ந்ததைப் பிரிக்க முடியாதா? முடியும். ஆனால் கொதிக்கவைத்தால் போதாது. உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்த வேண்டும். அப்போது ஒரு பக்கம் குளோரின் வாயு வரும். தண்ணீரில் காஸ்டிக் சோடா உண்டாகும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் சேலம் மாவட்டம் மேட்டூரிலும் இந்த வேலையைச் செய்யும் ஆலைகள் உண்டு.

சுண்ணாம்புக்குள் அடைத்த வாயு

குளோரினை முதலில் தனியாகப் பிரித்தவர் ஷீலே. சுவீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர். ஆண்டு 1774. மாங்கனீசு கலந்த ஒரு கருப்புக் கல் பொடியின் மேல் அவர் ஆசிட்டை ஊற்றினார். மூக்கைத் துளைக்கும் வாயு கிளம்பியது. அது பூவின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் வெளுக்கவைத்தது. அது ஒரு தனிமம் என்று 1810-ல் சொல்லி, குளோரின் என்று பெயர் வைத்தவர் டேவி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி.

பொடியின் மேல் ஆசிட்டை ஊற்றினார், வாயு கிளம்பியது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி வெளுக்க இந்த வாயு நல்லது என்று தெரிந்தது. ஆனால் வாயுவை எப்படிச் சுமந்து போவது? ஸ்காட்லாந்தில் டென்னன்ட் என்பவர் ஒரு வழி செய்தார். நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்தினார். சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பொடி கிடைத்தது. அதற்கு 1799-ல் அவர் உரிமை வாங்கினார். அந்தப் பொடிதான் ப்ளீச்சிங் பவுடர். மழைக்காலத்தில் சாக்கடை ஓரமாகத் தூவுகிறார்களே, அதேதான்.

குளோரினை வைத்து மனிதன் கொலையும் செய்தான். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டு ஈப்பர் நகரத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை சிலிண்டர் சிலிண்டராகக் குளோரினைத் திறந்துவிட்டது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது. தரையோடு ஊர்ந்து போகும். பள்ளத்தில் இறங்கும். சிப்பாய்கள் பதுங்கி இருந்ததோ பதுங்கு குழிகளில்.

காவேரித் தண்ணீரில்

அதே குளோரின்தான் நம் பிள்ளைகளைப் பேதியில் இருந்து காப்பாற்றுகிறது.

பெங்களூருக்குக் காவேரித் தண்ணீர் முதலில் வந்தது 1974-ல். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வருகிறது. நம் ஊர் மேட்டில் இருக்கிறது. அதனால் தண்ணீரை மூன்று இடத்தில் பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். தொரெகாடனஹள்ளி என்ற ஊரில் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். படிகாரம் போட்டு மண்ணைப் படியவைக்கிறார்கள். பிறகு மணல் வழியாக வடிக்கிறார்கள். கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். காலரா, டைபாய்டு கிருமிகளை அது கொல்லும்.

அவ்வளவு விஷமான வாயு நம்மைக் கொல்லாதா? அளவுதான் பதில். குழாயில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஒரு கிராமை ஐயாயிரம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. கிருமிக்கு அது எமன். நமக்கு வெறும் வாடை. குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் வாடையும் போய்விடும். வாடை அடிக்கிறது என்று தண்ணீரைக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும். வாடை அடிக்கிற தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

2024 கோடையில் பெங்களூரில் பல இடங்களில் போர் வற்றிப்போனது. டேங்கர் தண்ணீரை சம்பில் நிரப்பினார்கள். அப்படிப்பட்ட தண்ணீருக்கு நாமே மருந்து போடலாம். 1000 லிட்டருக்கு நல்ல ப்ளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் போதும். பொடியை நேராக சம்பில் கொட்டக் கூடாது. முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். பிறகு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட வேண்டும். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் சம்பில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய பொடிக்கு வேகம் இருக்காது. திறந்து வைத்தால் அதில் இருக்கும் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

பாத்ரூமில் நடப்பது

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா. வீட்டு வேலை செய்கிறவர். தீபாவளிக்கு முன்னால் ஒரு வீட்டில் பாத்ரூமைப் பளிச்சென்று கழுவச் சொன்னார்கள். தரையில் பாசி. சுவரில் போர் தண்ணீரின் வெள்ளைக் கறை. பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் தூவினார். கறைக்கு அதன் மேலேயே ஆசிட் ஊற்றினார். குனிந்து தேய்த்தார். கதவு சாத்தி இருந்தது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. கண் எரிந்தது. இருமல் நிற்கவில்லை. எப்படியோ தவழ்ந்து வெளியே வந்திருக்கிறார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று நாள் கூலியும் போனது.

"அதுவும் சுத்தம் பண்ணும், இதுவும் சுத்தம் பண்ணும். சேர்த்துப் போட்டா ரெண்டு மடங்கு சுத்தம் ஆகும்னு நினைச்சேம்மா" என்றார்.

நியாயமான நினைப்புதான். கலவையாக இருந்தால் அப்படி நடந்திருக்கும். ஆனால் இவை கலக்கவில்லை. ஆலாத்தித் தட்டில் நடந்ததைப் போல மாறின. ப்ளீச்சிங் பவுடரில் குளோரினைப் பிடித்துவைத்திருப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரம். ஆசிட் வந்தவுடன் அந்தக் காரத்தை அடக்குகிறது. பிடி விடுகிறது. அடைந்து கிடந்த குளோரின் வாயுவாக வெளியே வருகிறது. ஷீலே ஒரு பொடியில் ஆசிட் ஊற்றிக் குளோரினை எடுத்தார் அல்லவா? நாம் வேறு ஒரு பொடியில் ஊற்றி அதே வாயுவை எடுக்கிறோம்.

அந்த வாயு கனமானது என்று பார்த்தோம். தரையோடுதான் நிற்கும். தரை தேய்க்கிறவர் குனிந்து அல்லது உட்கார்ந்து இருப்பார். அவர் மூக்கு இருக்கும் உயரத்திலேயே வாயுவும் இருக்கும். கண், தொண்டை, நுரையீரல் எல்லாம் ஈரமான இடம். குளோரின் அந்த ஈரத்தோடு சேர்ந்து அங்கேயே அமிலமாக மாறுகிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு ஆபத்துக்கும் லாபம் ஏதாவது உண்டா? இல்லை. ஆசிட்டின் பெரும் பகுதி பொடியோடு போராடியே தீர்ந்துவிடும். கறை போகாது. பொடியும் வீண், ஆசிட்டும் வீண். பாசிக்கு இன்று பொடி போடுங்கள், நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கறைக்கு ஆசிட்டை வேறு ஒரு நாள் போடுங்கள்.

கழிவறைக்கு ஊற்றும் கெட்டியான க்ளீனர் பலவற்றிலும் ஆசிட் இருக்கிறது. அதையும் பொடியோடு சேர்க்கக் கூடாது. வினிகர், எலுமிச்சைச் சாறு கூடாது. சிறுநீர் தேங்கிய இடத்தில் கழுவாமல் பொடி போட்டால் வேறு ஒரு கெட்ட வாயு வரும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். கையுறை தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

தவறிப்போய் வாயு கிளம்பிவிட்டால் என்ன செய்வது? எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு எழுந்து வெளியே போங்கள். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போய்க் கழுவப் பார்க்காதீர்கள். திறந்த காற்றில் உட்காருங்கள். கண் எரிந்தால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீரில் கழுவுங்கள். உடுப்பில் வாடை இருந்தால் மாற்றுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். இந்திரா நகரில் சி.வி. ராமன் ஆஸ்பத்திரி இருக்கிறது. சிவாஜி நகரில் பவ்ரிங் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டும் அரசு ஆஸ்பத்திரி. என்ன என்ன பொருளைச் சேர்த்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். அப்போது சரியானது போல் இருந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். இரவில் திணறல் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆசிட் தோலில் பட்டால் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்பு, பேஸ்ட், மை எதுவும் பூசாதீர்கள். யாராவது ஆசிட்டைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். போன வழியிலேயே அது திரும்பி வந்து தொண்டையை இரண்டாம் தடவை அரிக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆசிட்டைக் குடிப்பார்களா என்று கேட்பீர்கள். தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைத்தால் குடிப்பார்கள். குழந்தைக்குப் பாட்டில்தானே தெரியும்? 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. வாங்குகிறவரின் பெயரையும் விலாசத்தையும் கடைக்காரர் எழுதிவைக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. அதனால் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பி ஆசிட் வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

வேலை செய்யும் வீடுகளில் புட்டியின் மேல் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் எழுதி இருக்கும். நமக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அதற்கும் வழி உண்டு. வீட்டு அம்மாவிடம் எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத் தாளை எடுங்கள். பெரிய எழுத்தில், உங்கள் கையால், ஆசிட் புட்டிக்கு "ஆசிட்" என்றும், பொடி டப்பாவுக்கு "ப்ளீச்சிங் பவுடர்" என்றும் எழுதி ஒட்டுங்கள். நம் வகுப்பில் அந்த அக்கா போன வாரம் எழுதினார். "ப்ளீச்சிங்" எழுத மூன்று தாள் கிழிந்தது. நாலாவது தாளில் ஒற்று எல்லாம் சரியாக வந்தது. ஆசிட் புட்டியை அவர் மேல் தட்டில் வைத்தார். பொடியைக் கொண்டுபோய் வேறு மூலையில் வைத்தார்.